செங்குத்துப் பாறையில் ஒரு புதர்: அரளியா, விராலியா, மாகாளியா?

கேள்வி, 2024 ஜனவரி 7

வால்பாறைப் பக்கம் எஸ்டேட்டில் வேலை. எங்கள் லைன் வீடுகளுக்கு எதிர்ப்புறம் ஓடைக்கு அப்பால் சுவர் மாதிரி நிற்கும் பாறை. அதன் வெடிப்புகளில் அங்கங்கே ஒரு புதர் தெரிகிறது. ஆள் உயரம் இருக்காது. கொடியாகப் படரவில்லை, நிமிர்ந்து நிற்கிறது. இலை ஒல்லியாக நீளமாக, கிளை நுனியில் கொத்தாக இருக்கிறது. இங்கே ஒரு பெரியவர் அது அரளிதான், பறவை விதை போட்டு முளைத்திருக்கும் என்கிறார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. படம் ஒன்று இணைத்திருக்கிறேன், ஜூம் அவ்வளவுதான் வந்தது. என்ன செடி?

பதில், ஜனவரி 7, இரவு

படம் மங்கல், ஆனால் வீண் இல்லை. முதலில் அரளியைத் தள்ளிவிடலாம். அரளிக்கு ஒரு கணுவில் பெரும்பாலும் மூன்று இலை சுற்றி நிற்கும். உங்கள் படத்தில் இடது ஓரக் கிளையில், இலை உதிர்ந்த கணுக்களில், இரண்டிரண்டு தழும்புதான் எதிரெதிரே தெரிகிறது. இன்னொன்று, அரளி விதையைப் பறவை தின்று போடாது. அது பஞ்சு ஒட்டிய விதை, காற்றில் போவது. ஆனாலும் பெரியவர் சொன்னதை அப்படியே ஒதுக்க வேண்டாம். அரளிக் குடும்பம்தான் என்று எனக்கும் படுகிறது. அவர் கண் நல்ல கண்.

அடுத்த சந்தேகம் விராலி. வறண்ட பாறைச் சரிவு, ஒல்லி இலை என்றாலே முதலில் நினைவுக்கு வருவது அதுதான். இந்த மங்கல் படத்தில் ஒரே ஒரு கிளையின் தழும்பை வைத்து அதை முழுதாக விலக்க முடியவில்லை.

வேறு படம் வேண்டும். இலை அல்ல, காய் தெரிகிற படம்.

ஜனவரி 9

விராலியை எப்படிப் பிரிப்பது என்று இருவர் கேட்டிருக்கிறீர்கள். விராலி இலை மாறி மாறி முளைக்கும், எதிரெதிராக வராது. தளிர் இலையைத் தொட்டால் பிசுக்கென்று ஒட்டும். ஒடித்தால் பால் வராது. காய்தான் தெளிவான அடையாளம்: மெல்லிய காகிதம் போன்ற இறக்கைகள் வைத்த காய், காய்ந்துவரும்போது சிவப்போ பழுப்போ ஏறிக் கொத்தாகத் தொங்கும். தூரத்தில் இருந்தே பைனாகுலரில் தெரிந்துவிடும்.

காட்டலரியா என்று கேட்டவருக்கு: அதுவும் ஒல்லி இலைதான், ஆனால் அது ஓடைப் படுகையில் கற்களைப் பிடித்துக்கொண்டு வெள்ளத்தில் வளைந்து நிற்கிற செடி. இலையும் மாறி மாறித்தான். உங்கள் பாறைக்குக் கீழே ஓடையில் அது இருக்கலாம், மேலே இராது.

ஜனவரி 13

இரண்டாவது படம் வந்துவிட்டது. எனக்கு இன்று வேறு வேலையே ஓடவில்லை.

வலது மேல் மூலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரே காம்பில் இரண்டு காய், ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் விரிந்து நிற்கிறது. ஒரு காய் நெடுக்காக ஒரு பக்கம் வெடித்திருக்கிறது. வெடித்த வாயில் வெள்ளையாகப் பட்டு இழை. விராலி இல்லை, அது முடிந்தது. எருக்கு, நன்னாரி, குறிஞ்சான், பாலைக் கொடிகள் இவற்றோடு சேர்ந்த செடி இது.

அந்தக் கூட்டத்தில் ஆனைமலைப் பாறையில் கொடியாகப் படராமல் புதராக நிமிர்ந்து நிற்கிற, ஒல்லி இலை வைத்த செடி எது? எனக்குத் தெரிந்து ஒன்றே ஒன்று: டெக்காலெபிஸ் சாலிசிஃபோலியா. பழைய பெயர் உட்லேரியா சாலிசிஃபோலியா. சென்னை மாகாணக் காட்டு இலாகாவில் இருந்த பெடோம் கண்டு வைத்த பெயரை 1880களில் தாவரவியலாளர் ஹூக்கர் முறையாக வெளியிட்டார். மாகாளிக் கிழங்கின் நெருங்கிய சொந்தம். ஆனைமலை, நெல்லியாம்பதி இந்த வட்டாரத்தை விட்டு வெளியே உலகில் எங்கும் இல்லாத செடி. அழிவின் விளிம்பில் இருப்பவற்றில் சேர்த்து எண்ணப்படுவது.

உறுதி என்று இன்னும் எழுதவில்லை. ஆனால் தம்பி, படத்தில் இடக் குறிப்பு இருந்தால் உடனே நீக்கிவிட்டு மறுபடி போடுங்கள். எஸ்டேட் பெயரையும் இங்கே எழுதாதீர்கள்.

ஜனவரி 14

"சந்தேகம் என்றால் ஒரு வேரைத் தோண்டி முகர்ந்து பாருங்கள், மாகாளி என்றால் வாசனை சொல்லிவிடும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார்.

தயவுசெய்து வேண்டாம். இரண்டு காரணம்.

வாசனை இனத்தைச் சொல்லாது. மாகாளி வேரின் மணத்துக்குக் காரணம் பெரும்பாலும் ஒரே பொருள், 2-ஹைட்ராக்ஸி-4-மெத்தாக்ஸி பென்சால்டிஹைடு. வெனிலா மணம் தரும் வெனிலினில் இருக்கிற அதே அணுக்கள், அதே எண்ணிக்கை, இடம் மட்டும் மாறி உட்கார்ந்திருக்கின்றன. இது நன்னாரி வேரிலும் உண்டு, சமவெளிக் குன்றுகளின் மாகாளியிலும் உண்டு, ஆனைமலைச் செடியிலும் உண்டு. முகர்ந்தால் "இந்தக் கூட்டம்" என்பது மட்டும் தெரியும். அதைத்தான் இரட்டைக் காய் ஏற்கெனவே சொல்லிவிட்டதே.

இரண்டாவது, பாறை வெடிப்பில் மண் ஒரு கையளவுதான். கோடைக்கு வேண்டிய நீரையும் சத்தையும் அந்தச் செடி கிழங்கில்தான் சேர்த்து வைத்திருக்கிறது. வேரை உருவினால் மண்ணும் கூடவே சரிந்து கீழே போய்விடும். திரும்ப மூட மண் கிடையாது. சமவெளியில் ஒரு கிழங்கை எடுத்துவிட்டு மிச்சத்தை மூடிவிடுகிற பழக்கம் இங்கே செல்லாது.

அது புலிகள் காப்பகத்துக்குள் வருகிற பாறை என்றால் அனுமதி இல்லாமல் ஏறுவதே குற்றம், அது தனி.

ஜனவரி 14, மாலை

போகி நாள், எல்லோரும் வீட்டில் இருக்கிறீர்கள் போல. பேச்சு ஊறுகாய்க்குப் போய்விட்டது. போகட்டும், அதிலும் விஷயம் இருக்கிறது.

எங்கள் வீட்டில் மாகாளி ஊறுகாய் இல்லாத தை மாதம் கிடையாது. கிழங்கைத் தண்ணீரில் ஊறப்போட்டு, மண் போகத் தேய்த்து, தோல் சீவி, நடுவில் இருக்கிற கட்டை நரம்பை எடுத்துவிட்டுச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி, எலுமிச்சைச் சாற்றிலும் உப்பிலும் போட்டு, கடுகும் மிளகாயும் மஞ்சளும் அரைத்துச் சேர்த்து, கடைசியில் கெட்டித் தயிர். அம்மா ஜாடியைத் திறந்தால் பாதிப் பேர் எழுந்து வெளியே போவார்கள், மூட்டைப்பூச்சி நாற்றம் என்று. மீதிப் பேர் தயிர்சாதத்தோடு காத்திருப்பார்கள். நான் காத்திருக்கிற கட்சி.

அந்த ஜாடி மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும். காய்ந்த வேரையும் பூச்சி எளிதில் அண்டாது. மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில் இந்த வேரைத் தானியப் பூச்சிகளுக்கு எதிராகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், பூச்சியைக் கொல்கிற தன்மை இருக்கிறது.

ஊறுகாய்க்கு வருவது டெக்காலெபிஸ் ஹாமில்டோனி, ஆனைமலைச் செடி அல்ல. அது தக்காணத்தின் வறண்ட குன்றுகளில், கிழக்கு மலைத்தொடரில், பிலிகிரி மலைப் பக்கத்தில் வளர்வது. பாறை இடுக்குதான் அதற்கும் வீடு. ஆனால் அது படரும். இலை அகலம், நுனி மழுங்கியது, தோல் மாதிரித் தடிப்பு. இலையைப் பார்த்தாலே ஆனைமலைச் செடியோடு குழப்பம் வராது.

ஜனவரி 16

நன்னாரி சர்பத் பற்றிக் கேட்டவருக்கு. ராயலசீமைப் பக்கம் நன்னாரி என்று குடிக்கிறோமே, அதில் பெரும்பாலும் மாகாளி வேர்தான். திருப்பதிப் பக்கத்து மலைகளில் மாரேடு கட்டலு என்பார்கள். மூலிகைக் கடைகளிலும் நன்னாரிக்குப் பதிலாக இது கலந்து வரும். நன்னாரி வேர் பென்சில்கூட வராத ஒல்லி, மாகாளி சதைப்பற்றோடு விரல் தடிமனுக்கு மேல். எடை போட்டு விற்கிறவருக்கு எது லாபம் என்று சொல்ல வேண்டியதில்லை. பாறையில் இருக்கிற செடி குறைந்துபோக இதுவும் காரணம். ஊறுகாய்க்காரர்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை.

நன்னாரிச் செடியையே இன்னும் சிலர் சரியாக அறியவில்லை என்று தெரிகிறது. அது கம்பி மாதிரி ஒல்லிக் கொடி. கரும்பச்சை இலை, பல செடிகளில் நடு நரம்பை ஒட்டி வெள்ளைக் கோடு. ஒரே கொடியில் ஒல்லி இலையும் அகல இலையும் இருக்கும். ஆகவே நன்னாரியில் இலை வடிவத்தை நம்பாதீர்கள், கோட்டைப் பாருங்கள்.

ஜனவரி 22

தென்காசியில் இருந்து ஒருவர் பொதிகை மலைப் பாறையில் எடுத்த படம் போட்டு "இதுவும் அதே இனமா?" என்கிறார். இலை அரச இலை போல, அடியில் இதய வடிவம், நுனி கூர்ந்து நீண்டு.

இங்கேதான் நிதானம் வேண்டும். அகத்தியமலையில் டெக்காலெபிஸ் அரயால்பத்ரா என்று ஒரு சொந்தம் இருக்கிறது. கேரளப் பக்கத்துக் காணிக்காரர்கள் அமிர்தபாலா என்று போற்றுகிற செடி. அரச இலைதான் அதன் அடையாளம், பாறைச் சரிவுதான் அதன் இடம். ஆனால் அதே பாறையில் ஃபைகஸ் ஆர்னோட்டியானா என்கிற காட்டரசும் வெடிப்பில் வேர்விட்டு நிற்கும். அதற்கும் அரச இலை. இரண்டையும் ஒடித்தால் பால். தூரத்தில் இருந்து பார்ப்பவரை நன்றாக ஏமாற்றும்.

பிரிப்பது எளிது. காட்டரசில் இலை மாறி மாறி. தளிர் நுனியில் கூர்மையான மூடி மாதிரி ஒரு செதில் மொட்டைப் பொத்தியிருக்கும், அது விழுந்ததும் தண்டைச் சுற்றி ஒரு வளையத் தழும்பு விடும். அத்தி, ஆல், அரசு எல்லாவற்றிலும் இந்த வளையம் உண்டு. அமிர்தபாலாவில் இலை ஜோடி ஜோடியாக எதிரெதிரே, மொட்டைப் பொத்தும் அந்த மூடி இல்லை.

தென்காசி நண்பரின் படத்தில் வளையம் தெளிவாகத் தெரிகிறது. காட்டரசு. ஏமாற வேண்டாம், அதுவும் பாறைக்கு அழகுதான், பழம் பழுக்கிற காலத்தில் பறவை மொய்க்கும்.

ஜனவரி 22, சற்றுப் பிறகு

அமிர்தபாலா பற்றி எழுதினால் இன்னொன்றையும் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. 1970களின் இறுதியில் அதைப் புதிய பேரினம் என்று விவரித்தபோது அறிவியலாளர்கள் வைத்த பெயர் ஜானகியா. தலச்சேரியில் 1897இல் பிறந்த ஜானகி அம்மாள் நினைவாக. கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் வேலை பார்த்தவர். எண்பது வயதைத் தொடும் காலத்தில் அமைதிப் பள்ளத்தாக்கைக் காக்கக் குரல் கொடுத்தவர். பிற்பாடு அந்தச் செடியை டெக்காலெபிஸோடு சேர்த்ததில் பேரினப் பெயர் போய்விட்டது. வகைப்பாட்டு விதிப்படி சரி. எனக்கு வருத்தம். பழைய பெயரையும் கூடவே எழுதுகிற பழக்கத்தை நான் விடப்போவதில்லை.

பிப்ரவரி 3

நேற்று டாப்சிலிப் பக்கம் எனக்குப் பழக்கமான, மலசர் பழங்குடியைச் சேர்ந்த அண்ணன் ஒருவரைப் பார்த்தேன். காட்டு இலாகாவில் வேட்டைத் தடுப்புக் காவலராக இருந்தவர். போனில் படத்தைக் காட்டினேன். பார்த்தவுடன் "மாகாளி. பாறை மாகாளி" என்றார். எதை வைத்து என்று கேட்டேன். இலையைச் சொல்லவில்லை. "நிக்கிற இடத்தப் பாருங்க சார். வெயில் விழுற பாறை, தண்ணி வழியுற கோடு பக்கத்துல, ஆனா கோட்டுல இல்ல. விராலின்னா இப்படி இடம் பாக்காது" என்றார்.

வீட்டுக்கு வந்து இரண்டு படத்தையும் மறுபடி திறந்தேன். அவர் சொன்னது அப்படியே இருக்கிறது. தண்ணீர் வழிந்து கறுத்த கோடுகள் பாறையில் மேலிருந்து கீழாக ஓடுகின்றன. ஒரு புதர்கூடக் கோட்டின் மேல் இல்லை. எல்லாம் ஓரத்தில், குறுக்கு வெடிப்புகளில். கோட்டின் மேல் மழைக்கு மண் தங்காது. ரொம்பத் தள்ளிப்போனால் ஈரம் கிடைக்காது. செடி நிற்கிற இடத்தையே அடையாளமாகப் படிக்கலாம் என்பது எனக்குத் தெரிந்ததுதான், ஆனால் இவ்வளவு நுணுக்கமாக ஒருவர் படித்து நான் பார்த்ததில்லை.

வேர் எடுப்பது பற்றியும் கேட்டேன். முன்பு மேலே மரத்தில் கயிறு கட்டி இறங்கி எடுத்தார்களாம், தேன் எடுக்க இறங்குகிற மாதிரி. ஒரு செடியில் எல்லாவற்றையும் எடுக்க மாட்டார்களாம். பிறகு வெளியாட்கள் வந்து கடப்பாரை போட்டு வெடிப்பையே பிளந்து எடுத்தபோதுதான் கைக்கு எட்டுகிற பாறைகள் காலியாயின என்றார். இப்போது மிஞ்சியிருப்பது யாராலும் எட்ட முடியாத இடங்களில்.

பிப்ரவரி 4

மேலே எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் "அப்படியானால் அது பாறையை விரும்பும் செடி இல்லை, பாறையில் ஒளிந்திருக்கும் செடி" என்கிறார். பாதி சரி. இந்தக் கூட்டமே பாறைக்குப் பழகியதுதான், கிழங்கு அதற்குச் சாட்சி. ஆனால் இன்று நாம் காண்பது இயற்கையான பரவல் முழுவதும் அல்ல, தோண்டியவர்கள் விட்டுவைத்தது. சரிவான பாறைத் தரையிலும் முன்பு இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். மலசர் அண்ணன் சொன்னதும் அதைத்தான் காட்டுகிறது. "செங்குத்தில் மட்டுமே வளரும்" என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டால் நாளைக்கு இதைத் திரும்ப நடும்போது தவறான இடம் தேடிக்கொண்டிருப்போம்.

பிப்ரவரி 11

டிரோன் வைத்திருக்கிற ஒரு தம்பி, வந்து படம் எடுத்துத் தரட்டுமா என்று கேட்கிறார். ஆசை எனக்கும் உண்டு. ஹவாய்த் தீவுகளில், கவாய் தீவின் கலலாவ் பள்ளத்தாக்கில், அழிந்துவிட்டது என்று எழுதி வைத்திருந்த செம்பருத்திச் சொந்தமான ஹிபிஸ்காடெல்ஃபஸ் உட்டியைச் செங்குத்துப் பாறையில் டிரோன்தான் 2019இல் கண்டுபிடித்தது. மனிதன் இறங்க முடியாத இடத்துக்கு அது நல்ல கருவி.

ஆனால் இங்கே காப்பகத்துக்கு மேல் அனுமதி இல்லாமல் பறக்கவிடக் கூடாது. பாறையில் ராஜாளியும் மலைத்தேனீயும் இருக்கும். தேனீ கலைந்தால் கீழே தேயிலை பறிக்கிற பெண்கள்மேல்தான் வந்து இறங்கும். வேண்டாம். ஓடைக்கு இப்புறம் இருந்தே நல்ல லென்ஸும் முக்காலியும் போதும்.

உயிரினங்களின் படத்தைப் பதிகிற ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றலாமா என்று கேட்டதற்கு: ஏற்றலாம். அழிவு நிலையில் இருக்கும் இனம் என்று குறித்தவற்றுக்கு அந்தத் தளம் இடத்தைத் தானாகவே மங்கலாக்கும். ஆனால் பெயர் உறுதியாகும் முன் "ஏதோ ஒரு செடி" என்று ஏற்றினால் அந்தப் பாதுகாப்பு வேலை செய்யாது, சரியான இடம் எல்லோருக்கும் தெரியும். ஆகவே ஏற்றும்போதே இடத்தை மறைக்கும் தேர்வை நீங்களே போட்டுவிடுங்கள்.

பிப்ரவரி 25

மூன்றாவது படம். யாரிடமோ நல்ல லென்ஸ் வாங்கியிருக்கிறார், வாழ்க. இலை எதிரெதிர், ஒல்லி, நுனியில் நெருங்கிக் கொத்து. தண்டு நிமிர்ந்தது, சுற்றிக்கொள்ளும் கொடி நுனி எங்குமே இல்லை. இரட்டைக் காயின் வெற்றுத்தோல் இரண்டு இடத்தில்.

நீலகிரியில் இருக்கிற டெக்காலெபிஸ் நெர்வோசா கொடி, இலையும் அகலம், அது விலகுகிறது. ஹாமில்டோனி படரும், விலகுகிறது. அமிர்தபாலா அரச இலை, விலகுகிறது. இன்னொன்று வடகிழக்கு மலைகளில், இங்கே பேச்சே இல்லை. எஞ்சுவது சாலிசிஃபோலியா. இப்போது எழுதுகிறேன்: நூற்றுக்குத் தொண்ணூறு எனக்கு அதுதான்.

மீதிப் பத்துக்குப் பூ வேண்டும்.

பிப்ரவரி 26

பூவில் என்ன பார்ப்பது என்று கேட்டிருக்கிறார்கள். எருக்கம்பூவில் மகரந்தம் மெழுகுக் கட்டியாக, ஜோடியாக ஒட்டியிருக்கும். ஊசியால் தூக்கினால் முழுதாக வரும். மாகாளி, நன்னாரி கூட்டத்தில் அமைப்பு வேறு. மகரந்த மணிகள் நான்கு நான்காகச் சேர்ந்திருக்கும், அவற்றை ஏந்த ஒரு குட்டிக் கரண்டி. அந்தக் கரண்டியின் அடியில் பசை, பூச்சியின்மேல் ஒட்டிக்கொள்ளும். இதைக் கையில் லென்ஸ் வைத்துத்தான் பார்க்க முடியும், படத்தில் வராது. பாறையடியில் பூ உதிர்ந்து கிடந்தால் அது போதும், பறிக்க வேண்டாம். உதிர்ந்ததைக் காகிதத்தில் மடித்து வையுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் அழுகிவிடும்.

விதை கிடைத்தால் என்ன செய்வது என்பதற்கு: இந்தக் கூட்டத்து விதை நெடுநாள் தாங்காது. வீட்டில் வைத்து முளைக்கப்போட்டுப் பார்க்கலாம் என்ற ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் இவ்வளவு குறைந்துபோன செடியில் ஒவ்வொரு விதையும் கணக்கு. வனத்துறை அனுமதியோடு நாற்றங்கால் வைத்திருப்பவர்களிடம் போகட்டும். ஊறுகாய் மாகாளிக்குத் திசு வளர்ப்பே வந்துவிட்டது, தண்டுத் துண்டும் வேர்விடும். தோட்டத்தில் வளர்க்க ஆசைப்படுபவர்கள் அதை வளருங்கள். சந்தைக்குத் தோட்டத்து வேர் வந்தால் மலைக்குக் கொஞ்சம் மூச்சு கிடைக்கும்.

மார்ச் 10

தம்பி வனச்சரக அலுவலகத்துக்குக் கடிதம் கொடுத்துவிட்டார். படங்களின் அச்சையும் இணைத்திருக்கிறார். வாரம் ஒரு முறை ஓடைக்கு இப்புறம் நின்று அதே இடத்திலிருந்து அதே கோணத்தில் படம் எடுப்பதாகச் சொல்கிறார்.

எடுக்கும்போது இரண்டு விஷயம். பாறைமேல் நேர் வெயில் விழும் நேரத்தில் இலை எல்லாம் வெள்ளையாக வெளுத்துவிடும், மேகம் மூடிய நேரமோ நிழல் திரும்பிய பிறகோ எடுங்கள். அப்புறம், ஒவ்வொரு படத்திலும் அந்தக் கறுத்த தண்ணீர்க் கோடு ஒன்றாவது தெரியட்டும். எந்தப் புதர் எது என்று அதை வைத்துத்தான் எண்ண முடியும். மொட்டு தெரிந்தவுடன் இங்கே எழுதுங்கள், நான் வருகிறேன்.